கம்பியைப் பிடிக்காத கண்டக்டர்

சமையலறையில் ஒரு கரண்டி நழுவி விழுந்தால்கூடக் கலியம்மாளுக்கு ஈரக்குலை நடுங்கும். கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, "ஏங்க!" என்று ஒரு குரல் கொடுப்பாள்.

"இருக்கேன், இருக்கேன். இன்னும் உழுவல" என்று கூடத்திலிருந்து வைத்திலிங்கத்தின் பதில் வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சுத் திரும்பும். விழுந்தது தன் கையிலிருந்த கரண்டிதான் என்பதே அதற்குப் பிறகுதான் உறைக்கும்.

வயதானால் காது மந்தமாகும் என்பார்கள். அறுபத்தாறு வயதில் அவளுக்குக் கூர்மையாகிக்கொண்டே போனது. கதவு காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம், பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து மட்டை விழும் சத்தம், குளியலறையில் குவளை உருளும் சத்தம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. மனிதன் விழும் சத்தம் தனி. நெல் மூட்டையை முதுகிலிருந்து இறக்கிப் போட்டதுபோல ஒரு சத்தம். அதன் பிறகு ஒரு மௌனம். அந்த மௌனத்தை அவள் ஏற்கெனவே இரண்டு முறை கேட்டுவிட்டாள். மூன்றாவது முறை கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் விடிந்தது முதல் அடையும்வரை புருஷன் பின்னாலேயே ஒரு கையை நீட்டிக்கொண்டு நடந்தாள்.

அவள் நீட்டிய கையை வைத்திலிங்கம் ஒரு நாளும் பிடித்ததில்லை.

அவரை அப்படிப் பழக்கியது அவருடைய வேலை. ரயில் இல்லாத பெரம்பலூரில் பஸ் கண்டக்டர் என்றால் ஊரே அறிந்த முகம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போய், அங்கிருந்து திருமானூர் போகிற வண்டியில் முப்பது வருடத்துக்கு மேல் அவர் நின்றார். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடிக் குழி விழுந்த சாலை அது. வண்டி தூக்கிப் போடும்போது உட்கார்ந்திருப்பவர்களே முன்சீட்டைப் பிடித்துக்கொள்வார்கள். வைத்திலிங்கம் மட்டும் நடுவில், இரண்டு காலையும் கொஞ்சம் அகட்டி, எதையும் பிடிக்காமல் நிற்பார். இடது கையில் டிக்கெட் கட்டு, வலது கையில் விரலிடுக்கில் மடித்த நோட்டுகள். "உள்ள போங்க, உள்ள போங்க. கம்பியப் புடிங்க" என்று ஊரையெல்லாம் கம்பியைப் பிடிக்கச் சொன்ன மனிதர், தான் பிடித்ததே இல்லை.

கலியம்மாள் குன்னத்துக்கு அந்தப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற ஒரு மானாவாரிக் கிராமத்துப் பெண். கல்யாணமான புதிதில் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது அவர் வண்டியில்தான் ஏறுவாள். வீட்டில் "ஏ புள்ள" என்று கூப்பிடுகிற மனிதர், வண்டிக்குள் அவளை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். மற்ற பெண்களிடம் சொல்வதைப்போலவே, "படியில நிக்காதீங்க. கம்பியப் புடிங்கம்மா" என்பார். அந்த 'ங்க'வையும் 'ம்மா'வையும் கேட்டு அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ஜன்னலோரம் நின்று அவர் நிற்கிற அழகைப் பார்ப்பாள். பூமியே ஆடினாலும் இந்த மனிதர் ஆடமாட்டார் என்று அந்தச் சின்ன வயதில் நம்பிய நம்பிக்கையில்தான் அவள் வாழ்க்கை முழுவதையும் கட்டினாள்.

அந்த மனிதர் எழுபத்திரண்டு வயதில் கட்டிலிலிருந்து எழுந்த வேகத்தில் தலைசுற்றி விழுந்தார். அது முதல் தடவை. ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரையால் அப்படி வரும் என்று சொல்லி டாக்டர் அதைக் குறைத்தார். எழுந்ததும் நிற்காமல், கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்து பிறகு நிற்கச் சொன்னார். இரண்டாவது முறை கால்மிதி வாரிவிட்டு விழுந்தார். மணிக்கட்டில் கட்டு, நெற்றியில் தையல். படம் எடுத்துப் பார்த்த டாக்டர் கலியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டார். "எலும்பு மெலிஞ்சு கெடக்கும்மா. அடுத்த தடவை இடுப்பு ஒடிஞ்சா எழுந்து நடக்கிறது கஷ்டம். விழாம பாத்துக்கறதுதான் வைத்தியம்."

பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். மகன் கலைச்செல்வன் சென்னையில் இருக்கிறான். மகள் லாவண்யாவைத் திருமானூரில் கொடுத்திருக்கிறது. கல்யாணமாகிப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்து இப்போதுதான் ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் தாய்வீட்டில்தான் இருந்தாள். இன்னும் சில மாதத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும்.

"அப்பா இன்னொரு தடவ உழுந்தா நான் ஒரு பேச்சும் கேக்க மாட்டேன்" என்றான் கலைச்செல்வன் போனில். "நான் அவர இங்க கூட்டிட்டு வந்துடுறேன். லிஃப்ட் இருக்கு, ஆஸ்பத்திரி பக்கம். அம்மா லாவண்யாகூட போயிடட்டும். அம்மாவால இனிமே அவரத் தூக்க முடியாது."

அவன் கெட்ட பிள்ளை இல்லை. லாவண்யாவும் கெட்ட பெண் இல்லை. அவர்கள் சொன்னதில் தப்பு இருந்தால் கலியம்மாள் சண்டை போட்டிருப்பாள். தப்பே இல்லாத ஒரு நியாயத்தை எப்படி எதிர்ப்பது? நாற்பத்து நாலு வருடம் ஒரே கூரையின் கீழ் கிடந்த இரண்டு உயிர்களைச் சென்னைக்கு ஒன்று, திருமானூருக்கு ஒன்று என்று பங்கு வைக்க இன்னும் ஒரே ஒரு சறுக்கல்தான் பாக்கி.

அன்றிலிருந்து கலியம்மாள் காவல்காரி ஆனாள். கால்மிதிகளைச் சுருட்டிப் பரண்மேல் போட்டாள். நடைவழியில் பல்பு போட்டாள். செருப்பு வாசல் தாண்டி உள்ளே வந்ததே இல்லை அந்த வீட்டில். வழுக்காத ரப்பர் செருப்பை அவரை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொள்ளும்படி டாக்டர் சொன்னார் என்பதற்காக, கூடத்துச் சாமி படங்களுக்கு முன்னால் ஒரு துணியைத் தொங்கவிட்டு, "மன்னிச்சுக்க தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பொங்கலுக்கு வந்த கலைச்செல்வன் குளியலறையிலும் கொல்லைப்பக்கப் படி ஓரத்துச் சுவரிலும் எவர்சில்வர் கம்பி அடித்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

வைத்திலிங்கம் அந்தக் கம்பியைத் தட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. துண்டு காயப் போடலாம்."

"புடிச்சிக்கிட்டு எறங்குறதுக்கு அடிச்சிருக்கான் புள்ள."

"நான் என்ன டிக்கெட்டா? கம்பியப் புடிக்கிறது டிக்கெட்டுங்க வேலை. கண்டக்டர் வேலை இல்ல."

பயணிகளை 'டிக்கெட்' என்று சொல்லிப் பழகிய வாய். ரிட்டயராகி இத்தனை வருடம் ஆகியும் அது மாறவில்லை.

வாரத்துக்கு ஒரு நாள் ஸ்கூட்டியில் சுகன்யா வருவாள். உடற்பயிற்சி சொல்லித் தருகிற பெண். அரியலூர்க்காரி. சிரித்த முகம், ஆனால் விடமாட்டாள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மறுபடி உட்காரச் சொல்வாள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கச் சொல்வாள், ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வாள். டைல்ஸ் இணைகிற கோட்டின்மேல் ஒரு காலின் குதியை மறு காலின் விரல் தொடும்படி வைத்து நடக்கச் சொல்வாள்.

"இந்த வயசுல பரதநாட்டியம் ஆடச் சொல்லுது பாரு" என்பார் வைத்திலிங்கம்.

"ஆடுனீங்கன்னா நான் வந்து மாலை போடுறேன் ஐயா. மொதல்ல மேடையப் புடிங்க."

"புடிக்காமயே நிப்பேன்."

"நில்லுங்க பாப்போம்."

நின்றார். கண் இமைக்கும் நேரம். உடம்பு ஒரு பக்கம் சாய, கலியம்மாள் பாய்ந்து இடுப்பைப் பிடித்தாள். அவர் அவள் கையை உதறினார். "நீ புடிச்சதாலதான் ஆடுனேன்" என்றார். அந்தச் சொல்லில் இருந்த அநியாயம் அவளுக்கு வலிக்கவில்லை. வலிக்கிற இடமெல்லாம் எப்போதோ மரத்துப்போயிருந்தது.

சுகன்யா அவளைப் பார்த்தாள். "அம்மா, நீங்களும் சேந்து செய்யுங்களேன். அவரப் புடிக்கப் பாயும்போது உங்க காலு நெலையா இல்ல. சுவத்துல கைய வச்சுத்தான் திரும்புறீங்க."

"எனக்கு எங்க கண்ணு நேரம்? எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று கலியம்மாள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அது பொய். காலையில் கோலம் போட்டு நிமிரும்போது வாசல் ஒரு சுற்று சுற்றும். குடத்தைத் தூக்கும்போது வலது முட்டி சொன்னபடி கேட்காது. ஆனால் காவல்காரி காய்ச்சல் என்று சொல்லலாமா? சொன்னால் காவல் யார் கையில் போகும்? அதனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை.

அந்த நிலைமையில்தான் குன்னத்திலிருந்து செய்தி வந்தது. டிரைவர் வேணுகோபால் போய்விட்டார்.

வைத்திலிங்கம் பின்னால் நின்ற வண்டியை முன்னால் உட்கார்ந்து ஓட்டியவர் வேணுகோபால். இரண்டு பேரும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டவர்கள். ஒருவர் விசில் அடிப்பதற்குள் மற்றவருக்கு மனசு தெரியும். ஏழெட்டு மாதத்துக்கு முன் அவரும் குளியலறையில் வழுக்கித்தான் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கையாகி, முதுகெல்லாம் புண்ணாகி, கடைசியில் சளி நெஞ்சில் கட்டிப் போய்ச் சேர்ந்தார்.

"நான் போவணும்" என்று எழுந்தார் வைத்திலிங்கம்.

"அப்பா, அங்க கூட்டமா இருக்கும். யாராச்சும் தள்ளி உட்டா?" என்றாள் லாவண்யா.

"தோள்ல கைய போட்டவன்மா அவன். வாய்க்கரிசி போடாம இங்க ஒக்காந்து டிவி பாக்கச் சொல்றியா?"

கலியம்மாள் கூடப் போயிருப்பாள். ஆனால் கைக்குழந்தை இருக்கிற வீடு. அவளும் தீட்டோடு வந்தால் லாவண்யாவோடு மாறி மாறிக் குழந்தையை யார் தூக்குவது? தெருவில் ஆட்டோ ஓட்டும் வீரமணியைக் கூப்பிட்டு, "தம்பி, ஐயா பக்கத்துலயே நில்லுப்பா. அவரு உதறுவாரு, நீ உடாத" என்று சொல்லி அனுப்பினாள். ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை நின்றாள். கழுத்துக்குப் பின்னால் பழக்கமான வலி. அன்று பகல் முழுவதும் அவர் வீட்டில் இல்லை. காதுக்கு ஓய்வு கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. குன்னத்தில் விழுந்தாலும் தனக்குக் கேட்கும் என்பதுபோல இருந்தாள்.

வெயில் சாயும் நேரத்தில் ஆட்டோ திரும்பியது. வைத்திலிங்கம் சந்து வழியாகக் கொல்லைப்பக்கம் வந்தார். சாவு வீட்டுக்குப் போனவர் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொள்ளும்வரை யாரையும் தொடக்கூடாது; அவரையும் யாரும் தொடக்கூடாது. அந்த வீட்டு வழக்கம் அது. செருப்பைச் சந்திலேயே விட்டுவிட்டார். கலியம்மாள் படிக்குக் கீழே சிமெண்டுத் தளத்தில் இரண்டு வாளியில் வெந்நீர் விளாவி வைத்திருந்தாள். சோப்பு, குவளை, கொடியில் உலர்ந்த வேட்டி. எல்லாம் வைத்தவள் ஒன்றை மட்டும் வைக்கவில்லை.

அவர் உட்கார்ந்து குளிக்கிற பிளாஸ்டிக் நாற்காலியை.

மறந்துபோய் அல்ல. குளியலறையிலிருந்து அதைத் தூக்கியவள், மற்ற நேரத்தில் அதன்மேல்தான் குழந்தையின் துணிகளை மடித்து வைப்பது என்ற நினைப்பு வந்ததும், தீட்டு பட்டுவிடுமே என்று திருப்பி உள்ளே வைத்துவிட்டாள். ஒரு தடவைதானே, நின்று குளித்தால் என்ன என்று நினைத்தாள். இத்தனை மாதம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்தவள், ஒரு பச்சைக் குழந்தையின் பெயரால் அன்றைக்கு ஏமாந்தாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று மேல்படியில் நின்று கேட்டாள்.

அவர் குனிந்து சோப்பை எடுத்தார். முகம் களிமண் மாதிரி இருந்தது. சோப்பைக் குழைத்துத் தலையில் தேய்த்தார். நுரை தளமெல்லாம் வழிந்தது. குவளையில் தண்ணீர் மொண்டு, தலையைக் குனிந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஊற்றினார்.

சுகன்யா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "வயசானா, கண்ணு தொறந்திருக்கிற வரைக்கும்தான் காலுக்குத் தரை எங்க இருக்குன்னு தெரியும். நின்னுக்கிட்டு கண்ண மூடாதீங்க ஐயா."

முதல் குவளை முடிந்தது. இரண்டாவது குவளையில் அவர் உடம்பு பின்னால் போவதைக் கலியம்மாள் பார்த்தாள். ஈர வேட்டி இரண்டு காலையும் சேர்த்துக் கட்டியிருந்தது. குவளை கையிலிருந்து நழுவி உருண்டது.

"அம்மா, தொடாத! நீதான் பாப்பாவ தூக்கணும்!" என்று கதவருகிலிருந்து லாவண்யா கத்தினாள்.

தீட்டாவது, பாப்பாவாவது! கலியம்மாள் இரண்டு படியையும் ஒரே தாவலாகத் தாவினாள். அவள் வெறுங்கால் சோப்பு நுரையின்மேல் பட்டது. அந்த நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விழப்போவது அவர் இல்லை.

ஏனென்றால் அவர் பிடித்துவிட்டார். கண்ணைத் திறக்காமலேயே அவருடைய வலது கை சுவரைத் தேடி, அத்தனை நாள் துண்டு காயப்போட்ட கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. கண்ணைத் திறந்தவர் எதிரே தன் மனைவி சறுக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தார்.

"கம்பியப் புடிங்கம்மா!"

பஸ் முழுக்கக் கேட்கும் அந்தப் பழைய குரல். எத்தனையோ வருடமாகக் கலியம்மாள் கேட்காத குரல். யோசிக்க நேரமில்லை. யோசித்திருந்தால் பிடித்திருக்கவும் மாட்டாள். ஜன்னலோரம் நின்ற புதுப்பெண்ணின் கை தானாக உயர்ந்தது. கம்பியில் அவர் கைக்குப் பக்கத்தில் அவள் கையும் விழுந்தது. வழுக்கியது, அதற்குள் அவருடைய இடது கை அவள் புஜத்தைப் பற்றிவிட்டது. அவள் பாரம் முழுவதும் அவர்மேல் சாய்ந்து, அவர் கம்பியில் தொங்கி, இரண்டு பேருமாக மெதுவாக, மிக மெதுவாக, கீழ்ப்படியில் போய் உட்கார்ந்தார்கள்.

மூட்டை விழும் சத்தம் கேட்கவில்லை. வாளியின் காது மட்டும் ஆடி ஓய்ந்தது.

"எங்கயாச்சும் பட்டுச்சா?" என்று அவள் கேட்டாள். "உனக்கு?" என்று அவர் கேட்டார். இரண்டு பேரின் கையும் இன்னும் கம்பியிலேயே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து வைத்திலிங்கம் அழுதார். சாவு வீட்டில் அழாதவர், சோப்பு நுரை காதோரம் வழிய, வாய் கோணிக்கொண்டு அழுதார்.

"தேவயானி ஒண்ணு சொன்னா, கலியம்மா" என்றார். தேவயானி, வேணுகோபாலின் மனைவி. "தூக்குறதுக்கு முன்னாடி என்னையத் தனியா கூப்புட்டா. 'அண்ணே, படுக்கையில கெடந்த நாளெல்லாம் உங்க பேச்சுத்தான் அவருக்கு. அவரு சொல்லுவாரு, வைத்தி கம்பியப் புடிக்க மாட்டான். புடிடான்னா ரோஷம் வந்துடும். அதனால கண்ணாடியில அவன் நிக்கிறதப் பாத்துப் பாத்துத்தான் பிரேக்க மெதிப்பேன். அவன் டிக்கெட் கிழிக்கக் குனிஞ்சா குழியில எறக்க மாட்டேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு'ன்னா."

கலியம்மாள் அவர் காதோரம் வழிந்த நுரையை முந்தானையால் துடைத்தாள்.

"என் காலு பலத்துல நின்னேன்னு நெனச்சிருந்தேன் புள்ள. ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன். அவன் ஓட்டுன ஓட்டுல நின்னிருக்கேன். ஒரு நாளும் சொல்லல பாவி. அவன் உழுந்தப்ப அவனுக்குக் கண்ணாடியில பாக்க ஆளு இல்ல."

அவர் அவள் பக்கம் திரும்பினார். பல வருடத்துக்குப் பிறகு அவளை முழுசாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். நரைத்த தலை கலைந்து, முட்டி சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு கிழவி.

"இப்ப நீ அந்தக் கண்ணாடியப் பாத்துக்கிட்டே இருக்க. உனக்குக் களைப்பா இல்லையா?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்ததுபோல அவளுக்குள் ஏதோ உடைந்தது. "களைப்பா இருக்குங்க" என்றாள். "ரொம்பக் களைப்பா இருக்கு. கோலம் போட்டு நிமுந்தா தல சுத்துது. முட்டி நிக்க மாட்டேங்குது. சொன்னா நம்மளப் பிரிச்சுடுவாங்கன்னு சொல்லல."

கதவருகில் லாவண்யா குழந்தையை மார்போடு அணைத்தபடி அசையாமல் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள், எல்லாவற்றையும் கேட்டாள்.

"எத்தினி நாளாம்மா இப்படி?" என்று கேட்டாள்.

கலியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீ ஒண்ணும் நெனக்காத ஆயி. அப்பா உழல. நல்லாப் பாரு, உக்காந்துதான் இருக்காரு."

"நான் அதையாம்மா கேட்டேன்?" லாவண்யாவின் கண்ணிலிருந்து நீர் குழந்தையின் தலையில் சொட்டியது. "எல்லாரும் அப்பாவையே பாத்துக்கிட்டு இருந்தோமே. உன்னைய ஒருத்தரும் பாக்கலையே."

இரண்டு பேரும் தலைக்குக் குளித்தார்கள். அந்த நாற்காலி வெளியே வந்தது; லாவண்யாவே குழந்தைத் துணிகளைக் கட்டில்மேல் கொட்டிவிட்டுத் தூக்கி வந்து வைத்தாள். "தீட்டெல்லாம் கழுவுனா போயிடும். மொதல்ல ஒக்காருங்க" என்றாள்.

விளக்கு வைத்த பிறகு அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். கலியம்மாள் சமையலறையில் நின்று கேட்டாள்.

"உழல அண்ணா. ஆனா உழுந்திருப்பாங்க... இல்ல, அப்பா இல்ல, அம்மா... அதான் சொல்றேன் கேளு. அப்பா புடிச்சதாலதான் அம்மா தப்பிச்சாங்க. அம்மா பாஞ்சு வரலன்னா அப்பாவும் கண்ணத் தொறந்திருக்க மாட்டாரு. தனித்தனியா வச்சோம்னா ரெண்டு பேருமே உழுந்துடுவாங்க. எங்க இருந்தாலும் ஒண்ணாத்தான் இருக்கணும்... என் வேலையா? பாத்துக்கலாம். மாமியாரக் கேக்குறேன். முடியலன்னா லீவ நீட்டிக்கிறேன். தெரியல அண்ணா. எனக்கும் அலுப்பாத்தான் இருக்கு."

அந்தக் கடைசி வார்த்தை கலியம்மாள் காதில் விழுந்தது. தன் பாரத்தில் ஒரு பகுதி இறங்கி மகள் தலையில் ஏறியதை அவள் அறிவாள். ஆனால் வேண்டாம் என்று சொல்ல அன்று அவளிடம் தெம்பு இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றாள்.

அடுத்த முறை சுகன்யா வந்தபோது சமையல் மேடைக்கு முன்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். லாவண்யா குழந்தையோடு திருமானூருக்குப் போய்விட்டிருந்தாள். மாமியார் அரை மனதாகச் சம்மதித்திருந்தார்.

"என்ன ஐயா, மேடையப் புடிச்சிருக்கீங்க? நான் வூடு மாறி வந்துட்டனா?" என்றாள் சுகன்யா.

"டிக்கெட் ஆயிட்டேன்மா. நான் ஒண்ணு, இவ ஒண்ணு."

"ரெண்டு டிக்கெட்டும் இடது காலத் தூக்குங்க பாப்போம். புடிச்சுக்கிட்டே. கண்ணு நேரா ஜன்னலப் பாக்கட்டும்."

தூக்கினார்கள். வைத்திலிங்கத்தின் கால் நடுங்கியது. கை மேடையை விடவில்லை. பக்கத்தில் கலியம்மாளின் முட்டி முனகியது. காலை வெயில் ஜன்னல் வழியாக அவள் முகத்தில் அடித்தது. இடுப்பு வலித்தது, கழுத்து வலித்தது. இது ஒரு நாள் வேலை இல்லை, இனிமேல் தினமும் இப்படித்தான் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. சோறு பொங்குவதுபோல, பாத்திரம் தேய்ப்பதுபோல, முடிகிறவரைக்கும் முடியாத இன்னொரு வேலை. ஆனால் இந்த வேலையில் மட்டும் அவள் தனியாக இல்லை.

"போதுங்க. கால எறக்கிக்கிறேன்" என்றாள் அலுப்போடு.

வைத்திலிங்கம் அவள் பக்கம் திரும்பவில்லை. சொன்னபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணோரம் மட்டும் அவளை, வண்டிக்குள் கண்ணாடியில் பார்ப்பதுபோல, பார்த்துக்கொண்டிருந்தது.

"எறங்க வேண்டிய எடம் இன்னும் வரலம்மா" என்றார். "கம்பியப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க."